துப்பாக்கிக்கு சைலன்சர் மாட்டினா சத்தம் நிக்குமா? கொல்லிமலை அடிவாரத்துல இருந்து ஒரு போன்

போன வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த எபிசோடுக்குப் போயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. நடுவுல ஒரு போன் வந்துச்சு, அதுதான் இன்னைக்கு மேட்டர்.

போன் பண்ணினது எங்க மாமா, அம்மாவோட அண்ணன். நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம் தாண்டிப் போனா, கொல்லிமலை அடிவாரத்துல அவருக்கு நாலு ஏக்கர் இருக்கு. மூணு ஏக்கர்ல மரவள்ளி, மிச்சத்துல நிலக்கடலை. மரவள்ளி போட்ட எல்லாருக்கும் ராத்திரியில ஒரே பிரச்சினைதான்: காட்டுப்பன்னி. கிழங்கு எங்க இருக்குன்னு அதுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். ஒரு ராத்திரியில அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுட்டு, விடியறதுக்குள்ள காட்டுக்குப் போயிடும்.

மாமாகிட்ட ஒரு 12 போர் ஒத்தைக்குழல் துப்பாக்கி இருக்கு. அவங்க அப்பாரு காலத்துல பயிர்ப் பாதுகாப்புக்குன்னு வாங்கின லைசென்ஸ், இப்ப இவர் பேர்ல. ராத்திரி காவலுக்குப் போனா வானத்தைப் பாத்து ஒரு வெடி வைப்பார். பன்னிங்க ஓடிடும், ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரும்.

அவர் கேட்டது இதுதான்: "மாப்ள, யூடியூப்ல வெள்ளக்காரன் ஒருத்தன் துப்பாக்கி முனையில டப்பா மாதிரி ஒண்ணைத் திருகி மாட்டுறான். சுட்டா சத்தமே இல்ல. குழலும் குட்டையா இருக்கு. நம்ம லேத்துக்காரர்கிட்ட சொன்னா நம்மதையும் ஒரு அடி வெட்டிட்டு, ஒரு சைலன்சர் பண்ணிக் குடுத்துருவாரு. நீ இன்ஜினியராச்சே, அளவு மட்டும் பாத்துச் சொல்லு."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா மாமாவுக்கு இன்ஜினியர்னா இன்ஜினியர்தான். "ரெண்டு நாள் டைம் குடுங்க மாமா, அதுவரைக்கும் லேத் பக்கமே போகாதீங்க"ன்னு சொல்லி வெச்சேன். நம்ம ஊர்ல லேத் இல்லாத தெரு கிடையாது. லாரி பாடி கட்டுற ஊரு, போர்வெல் வண்டி கட்டுற ஊரு. கேட்டா யாராவது பண்ணிக் குடுத்துருவாங்க. என் பயமே அதுதான். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாப்போம்.

பைக் சைலன்சர் எல்லாருக்கும் தெரியும். அதைக் கழட்டிட்டு புல்லட்டை ஸ்டார்ட் பண்ணினா தெருவே எந்திரிக்கும். இன்ஜினுக்குள்ள எரிஞ்ச வாயு ரொம்ப அழுத்தத்தோட திடீர்னு வெளியே வர்றதுதான் அந்தச் சத்தம். சைலன்சர் என்ன பண்ணுது? அந்த வாயு வெளியே வர்றதுக்கு முன்னாடி விரியவும் ஆறவும் கொஞ்சம் இடமும் நேரமும் கொடுக்குது. அவ்வளவுதான். துப்பாக்கி சப்ரஸரும் இதே ஐடியாதான். இதே ஐடியான்னா, நெஜமாவே ஒரே ஆளோட ஐடியா.

ஹிராம் மாக்சிம்னு ஒருத்தர் இருந்தார். மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடிச்சவர். பிரிட்டிஷ் ராணுவம் பாதி உலகத்துல தூக்கிட்டு அலைஞ்ச துப்பாக்கி அது. வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துக்குள்ளயே இருந்து, வயசான காலத்துல அவருக்குக் காது கேக்காம போயிடுச்சு. அவரோட மகன் ஹிராம் பெர்சி மாக்சிம். அவர் 1909ல துப்பாக்கி சைலன்சருக்குப் பேட்டன்ட் வாங்கினார். அப்பாவோட காதைப் பாத்துதான் மகன் அதைப் பண்ணினாருன்னு நான் சொல்ல வரல, ஆனா அந்தக் குடும்பத்தை நினைச்சா எனக்கு என்னவோ பண்ணுது. அதே வேலையை இன்ஜின் மஃப்ளருக்கும் கொண்டு போனவர் அவர்தான். 1914ல அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரும் அவரேதான். ஹாம் ரேடியோ வெச்சிருக்கிற நம்ம லிசனர்ஸ் ரெண்டு மூணு பேருக்காக இதைச் சொன்னேன்.

சரி, எண்களுக்கு வருவோம். .308 மாதிரி ஒரு வேட்டை ரைஃபிள்ல தோட்டா வெடிக்கும்போது உள்ள அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. வரைக்கும் போகும். நாமக்கல்காரங்களுக்குப் புரியற கணக்குல சொன்னா, லாரி டயர்ல நாம அடிக்கிற காத்து 110, 120 பி.எஸ்.ஐ. குண்டு குழலோட முனைக்கு வர்றதுக்குள்ள அழுத்தம் நல்லாவே குறைஞ்சிருக்கும். அப்பவும் சில ஆயிரம் பி.எஸ்.ஐ. மிச்சம் இருக்கும். குண்டு ஒரு கார்க் மாதிரி வெளியே வந்ததும், பின்னாடி இருந்த அந்த வாயு மொத்தமும் வெடிச்சுக் கிளம்புது. சப்ரஸர் பிடிக்கிறது இந்த வெடிப்பைத்தான்.

ஆனா ரைஃபிள்ல ரெண்டாவதா ஒரு சத்தமும் இருக்கு. நம்ம ஊர் வெயில்ல, 40 டிகிரியில, ஒலியோட வேகம் விநாடிக்கு 355 மீட்டர் கிட்ட. ரைஃபிள் குண்டு அதை விட ரெண்டு மடங்குக்கும் மேல வேகத்துல போகுது. ஒலியை முந்திக்கிட்டுப் போற எந்தப் பொருளும் காத்தைக் கிழிச்சுக்கிட்டே போகும். சாட்டையைச் சொடுக்கின மாதிரி 'பட்டீர்'னு கேக்குமே, அது. முனையில என்ன டப்பா மாட்டினாலும் இதை ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அந்தச் சத்தம் குண்டு கூடவே போகுது. இதை நிறுத்தணும்னா குண்டையே ஒலியை விட மெதுவாப் போற மாதிரி செய்யணும். அப்படித் தனி தோட்டாக்கள் இருக்கு. ஆனா வேகம் போனா வேலை செய்யற தூரமும் போயிடும்.

அதனால சினிமாவுல வர்ற 'ப்ஸ்க்' இருக்கே, அதை மறந்துடுங்க. ஹீரோ கல்யாண மண்டபத்துக்கு நடுவுல சுடுவாரு, பக்கத்து டேபிள்ல பாயசம் சாப்பிடறவர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நெஜத்துல பெரிய ரைஃபிள் ஒண்ணு 160, 165 டெசிபல் சத்தம் போடும். நல்ல சப்ரஸர் அதுல 25, 30 டெசிபலைக் குறைக்கும். மிச்சம் 135 பக்கம். நம்ம நாட்டுல பட்டாசுக்கு இருக்கிற வரம்பு, வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர்ல 125 டெசிபல். அளக்கிற முறை வேற வேறங்கிறதால ரெண்டையும் நேரா ஒப்பிடக் கூடாதுதான். ஆனா சப்ரஸர் போட்ட ரைஃபிளும் பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு பெரிய வெடி மாதிரிதான் கேக்கும்னு புரிஞ்சா போதும்.

"அப்ப 30 டெசிபல் குறைச்சு என்ன புண்ணியம்?"னு கேக்கலாம். டெசிபல் லாகரிதம் கணக்கு. காலேஜ்ல நாம தூங்கின கிளாஸ். 20 டெசிபல் குறைஞ்சா ஒலி அழுத்தம் பத்துல ஒரு பங்கா ஆகுது, 30 குறைஞ்சா முப்பதுல ஒரு பங்கு. 140 டெசிபலுக்கு மேல போற ஒரே ஒரு வெடிகூட காதுக்கு நிரந்தரமா கெடுதல் பண்ணலாம்ங்கிறதுதான் பொதுவா எல்லாரும் வெச்சிருக்கிற எல்லை. அந்த எல்லைக்கு மேல இருந்த துப்பாக்கியைக் கீழ கொண்டு வர்றதுதான் சப்ரஸரோட உண்மையான வேலை. பின்லாந்து, நார்வே, நியூசிலாந்துல எல்லாம் வேட்டைக்காரங்க இதைச் சாதாரணமா மாட்டிக்கிறாங்க. காதுக்காக, உதைப்பு குறையறதுக்காக, பக்கத்து வீட்டுக்காரன் தூக்கத்துக்காக. அமெரிக்காவுல கதை வேற. அங்க 1934லயே இதுக்கு 200 டாலர் வரியும் பதிவும் வெச்சாங்க. அந்தக் காலத்துல அது ஒரு நல்ல துப்பாக்கியோட விலையையே தாண்டும். அந்த வரியை 2026 ஜனவரியில இருந்துதான் பூஜ்யம் ஆக்கினாங்க. பதிவு இன்னும் இருக்கு.

இப்ப மாமாவோட ரெண்டாவது கேள்வி: குட்டைக் குழல்.

வெளிநாட்டுல இந்த ரெண்டும் ஏன் சேர்ந்தே வருதுன்னா, சப்ரஸர் மாட்டினா துப்பாக்கி ஆறு, எட்டு இன்ச் நீளமாயிடும். 24 இன்ச் குழல்ல அதை மாட்டிக்கிட்டு புதருக்குள்ள போனா, ஏணியைத் தூக்கிட்டு பஸ்ல ஏறின கதை. அதனால 16, 18 இன்ச் குழலா வாங்கி அதுல மாட்டுறாங்க, மொத்த நீளம் பழையபடி வந்துடும். குழல் குட்டையானா என்ன நஷ்டம்? வாயு குண்டைத் தள்ற தூரம் குறையுது. .308ல ஒரு இன்ச்சுக்கு ஏறக்குறைய 7, 8 மீட்டர் வேகம் போகும்னு வெச்சுக்கலாம். ஆறு இன்ச் குறைச்சா விநாடிக்கு 800 மீட்டர் போன குண்டு 755 கிட்ட போகும். நூறு, நூத்தம்பது மீட்டர்ல நிக்கிற மானுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் அடுத்தது. குழல் குட்டையானா குறி தவறும்னு நினைப்பாங்க. அப்படி இல்ல. அதே தடிமன்ல குட்டையான குழல் விறைப்பா நிக்கும், அதிர்வு குறைவு. குட்டைக் குழலோட உண்மையான பிரச்சினை சத்தம். வாயு இன்னும் அழுத்தத்தோட இருக்கும்போதே குண்டு வெளியே வந்துடுது, அதனால வெடிச் சத்தமும் ஜாஸ்தி, முனையில தீப்பிழம்பும் ஜாஸ்தி. அதாவது குழலை வெட்டினதால கூடின சத்தத்தை அடக்க சப்ரஸர், சப்ரஸரால கூடின நீளத்தை அடக்க குழலை வெட்டு. ஒரு பக்கை சரி பண்ண இன்னொரு பக்கைக் கொண்டு வர்ற நம்ம ஆபீஸ் கதைதான், என்ன, இங்க கடைசியில லாபக் கணக்கு வருது.

நம்ம கொல்லிமலைத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். மலையில பரம்பரையா இருந்தது குழலோட வாய் வழியா கருமருந்தும் பால்ரஸும் போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. ஆளுயரத்துக்கு நீளமா இருக்கும். அது அழகுக்கு இல்ல. கருமருந்து கொடுக்கிற அழுத்தம் நவீன மருந்தை விட ரொம்பக் குறைவு. கிடைக்கிற கொஞ்சத்தை வெச்சுக் குண்டை வேகம் ஏத்தணும்னா, நீளமான குழல் வேணும். அதை யோசிச்சு வெச்சவங்களுக்கு நம்ம டிகிரி எதுவும் தேவைப்படல. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைச்சுடுங்க, வழக்கு இல்லன்னு நாமக்கல், சேலம், கள்ளக்குறிச்சி பக்கத்து மலைகள்ல போலீஸ் அப்பப்ப அறிவிக்கிறதும், ஊர் மந்தையில, ரோட்டோரத்துல ராத்திரியோட ராத்திரியா துப்பாக்கிங்க கிடக்கிறதும் நீங்க செய்தியில பாத்திருப்பீங்க.

மாமாவோடது இந்த ரெண்டும் இல்ல. அது ஷாட்கன். உள்ள ரைஃபிள் மாதிரி வரி இருக்காது, வழவழன்னு இருக்கும். சின்னச் சின்ன ரவை ஒரு கொத்தாக் கிளம்பும். அந்தக் கொத்து ரொம்ப விரியாம இருக்க, பல துப்பாக்கிகள்ல குழலோட முனையை லேசா ஒடுக்கி வெச்சிருப்பாங்க. சோக்னு பேரு. மாமா 'ஒரு அடி வெட்டலாம்'னு சொன்னது அந்த முனையைத்தான். வெட்டினா கொத்து கன்னாபின்னான்னு சிதறும், சத்தம் கூடும். அவர் கேட்டதுக்கு நேர் எதிர்.

சரி, இப்ப என் பயத்துக்கு வர்றேன்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், பிரிவு 6. லைசென்ஸ் இல்லாம எந்தத் துப்பாக்கியோட குழலையும் குட்டையாக்கக் கூடாது. துப்பாக்கி வெச்சுக்கிற லைசென்ஸ் வேற, குழலை வெட்டுற லைசென்ஸ் வேற. மாமாகிட்ட இருக்கிறது முதல்ல சொன்னது மட்டும்தான். 2019ல சட்டத்தைத் திருத்தினப்போ தண்டனையை ஏத்திட்டாங்க. இந்தக் குத்தத்துக்குக் குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். தன் சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கி, லேத்துல பத்து நிமிஷ வேலை. அதுக்கு ஏழு வருஷம். வெட்டிக் கொடுத்த லேத்துக்காரரும் தப்பிக்க முடியாது.

இன்னும் இருக்கு. ஆயுத விதிகள்ல துப்பாக்கிகளை வகை வகையாப் பிரிச்சிருக்காங்க. 20 இன்ச்சுக்குக் குறைவான குழல் இருக்கிற வழவழ உட்குழல் துப்பாக்கி, முதல் வகையில வருது. மாமாவோட குழல் 30 இன்ச். ஒரு அடி போனா 18. ஒரே வெட்டுல விவசாயியோட துப்பாக்கி, கலெக்டர் லைசென்ஸ் கொடுக்கிற பட்டியல்ல இருந்து தாண்டி, மத்திய அரசு மட்டுமே அனுமதிக்கக்கூடிய பட்டியலுக்குப் போயிடுது. அந்த முதல் வகையிலயே இன்னொரு வரியும் இருக்கு: சுடும்போது வர்ற சத்தத்தையோ ஒளியையோ குறைக்கிறதுக்காகச் செஞ்ச எந்தத் துணைக்கருவியும். சப்ரஸர் அதுக்குள்ள வந்துடுது. பின்லாந்துக்காரன் கடையில வாங்குற பொருள், இங்க நமக்குக் கிடைக்க வழியே இல்லாத பொருள். ஆன்லைன்ல ஏதோ கிளீனிங் கிட், ஃபில்டர்னு பேர் மாத்தி விக்கிறாங்களேன்னு நினைச்சா, பேரை மாத்தினதால வகை மாறாது.

"நான் என்ன ஆளையா சுடப் போறேன், பன்னியைத்தானே"ன்னார் மாமா. அதுலயும் சிக்கல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தத்துக்கு அப்புறம் இந்தியாவுல வேட்டைங்கிற விஷயத்தையே கிட்டத்தட்ட மூடிடுச்சு. காட்டுப்பன்னி இப்ப அந்தச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில இருக்கு. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும் பன்னியைச் சுட அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்ல. கேரளாவுல 2022ல உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தாங்க, லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களைக் கூப்பிட்டுச் சுட வைக்கலாம். நம்ம தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த ஏற்பாடு வேற மாதிரி. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சு காட்டுக்குள்ள விடலாம். 3 கிலோமீட்டர் தாண்டினா சுடலாம், ஆனா சுடறது வனத்துறை ஆளுங்கதான், விவசாயி இல்ல.

மாமா தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடைதான் இருக்கு. பன்னி முதல்ல வந்து நிக்கிற வயல் அவரோடது, விதி கடைசியா எட்டிப் பாக்கிற வயலும் அவரோடதுதான். இதுல எனக்கு நியாயமான பதில் எதுவும் தெரியல. சேதத்துக்கு வனத்துறைகிட்ட இழப்பீடு கேக்கலாம், கேட்டிருக்கார். ஆனா வேற வழி தேடறவங்க என்ன பண்றாங்கன்னும் நமக்குத் தெரியும். தீனிக்குள்ள வெடி வெச்சுப் போடற அவுட்டுக்காய், பன்னிக்கு வெச்சதைக் கடிச்சு வாய் கிழிஞ்சு செத்த யானைங்க உண்டு. கள்ளத்தனமா கரன்ட் வேலி போடறாங்க. 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஹள்ளி பக்கத்துல அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டிங்க தாயைச் சுத்தியே நின்னுச்சுங்க. இதெல்லாம் கூட வெச்சுப் பாத்தா, வானத்தைப் பாத்து வெடி வைக்கிற எங்க மாமா தங்கம்.

அந்த எடத்துலதான் எனக்கே பல்பு எரிஞ்சுச்சு. மாமா துப்பாக்கியால செய்யற ஒரே வேலை சத்தம் போடறதுதான். சைலன்சர் மாட்டினா அந்தத் துப்பாக்கி எதுக்கு? இதை நான் சொன்னதும் போன்ல அஞ்சு செகண்ட் அமைதி. அப்புறம் சிரிச்சார். "அதுசரி மாப்ள. அப்ப சத்தமே வராத ஆயுதம் வேணும்னா ஓரி வில்லைத்தான் கேக்கணும்"னார். வல்வில் ஓரி எங்க கொல்லிமலைத் தலைவர். யானை, புலி, மான், காட்டுப்பன்னி, உடும்புன்னு ஒரே அம்புல துளைச்சதா புறநானூறு சொல்ற ஆளு. ஆடிப் பதினெட்டு ஒட்டி அவருக்கு மலையில விழா எடுப்பாங்க. அந்த லிஸ்ட்ல பன்னி இருக்கிறதை மாமா மறக்கவே மாட்டார்.

"பின்ன எதுக்கு மாமா சைலன்சர் கேட்டீங்க, பன்னி பயந்து ஓடறதுக்குச் சத்தம் வேணுமே?"ன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னார். ராத்திரி வெடி வெச்சா மறுநாள் முழுக்கக் காதுல 'நொய்ய்'னு ஒரு சத்தம் இருக்காம். ரெண்டு வருஷமாவாம். இடது காதுல அத்தை கூப்பிடறது கேக்கறதில்லையாம், அத்தை அவர் வேணும்னு பண்றாருன்னு நினைச்சுச் சண்டை போடறாங்களாம்.

இதுதான் மேட்டரே, பாருங்க. வலது தோள்ல துப்பாக்கி வெச்சுச் சுடறவங்களுக்கு இடது காதுதான் குழல் முனைப் பக்கம் திரும்பி இருக்கும், வலது காது தலை மறைவுல இருக்கும். அதனால இடது காது முதல்ல போறது துப்பாக்கிக்காரங்ககிட்ட ரொம்பச் சாதாரணம். 12 போர் சத்தமும் 150 டெசிபலைத் தாண்டும். உள்காதுல இருக்கிற முடி மாதிரியான செல்லுங்க ஒரு தடவை செத்தா திரும்ப முளைக்காது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்தலாம்.

அதுக்குச் சப்ரஸர் வேண்டாம். சத்தத்தைத் துப்பாக்கி முனையில நிறுத்தறதுக்குப் பதிலா காது வாசல்ல நிறுத்தலாம். மெடிக்கல் ஷாப்ல, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற நுரை இயர் பிளக்கை நல்லா உருட்டி, காதை மேல பின்பக்கமா இழுத்துப் பிடிச்சு உள்ள வெச்சா, 20ல இருந்து 30 டெசிபல் வரைக்கும் குறையும். சும்மா வாசல்ல செருகினா பத்துகூட குறையாது. மேல இயர் மஃபும் போட்டா இன்னும் கொஞ்சம். கிட்டத்தட்ட சப்ரஸர் குறைக்கிற அளவு, லைசென்ஸ் கிடையாது, கேஸ் கிடையாது. பன்னிக்கு முழுச் சத்தமும் போய்ச் சேரும்.

எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, ஒரு பாக்ஸ் இயர் பிளக் ஆர்டர் போட்டு சேந்தமங்கலத்துக்கு அனுப்பி வெச்சேன். நாமக்கல்ல ஒரு காது டாக்டரைப் பாக்க அத்தைகிட்ட தேதியும் சொல்லியாச்சு. நாலு நாள் கழிச்சு மாமா மறுபடி போன். "மாப்ள, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை மாட்டிக்கிட்டு உக்காந்தா பன்னி வர்றதே கேக்க மாட்டேங்குதே?"

சரியான பக் ரிப்போர்ட். இதுக்கும் ஒண்ணு இருக்கு: எலக்ட்ரானிக் இயர் மஃப். வெளியில மைக் வெச்சு, இலை சரசரக்கிற சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் காதுல கொடுக்கும், பெரிய சத்தம் வந்தா பட்டுனு அமுக்கிடும். பேட்டரியில ஓடும், கொஞ்சம் விலைதான். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் பிளக் ஒரு காதுல மட்டும்தான் போடுவேன்னு அடம் பிடிக்கிறார். இடது காதுலயாவது போடுங்க மாமான்னு கெஞ்சி வெச்சிருக்கேன்.